உச்சி நடக்கும் பாதை: பத்தாம் வகுப்பு முக்கோணமும் ஜியோஜீப்ராவும்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வின் கடைசிப் பகுதியில் இரண்டே கேள்விகள். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண். 35 எடுப்பார்களா மாட்டார்களா என்று நாம் கவலைப்படும் பிள்ளைகளைக் கரை சேர்ப்பது இந்த 16 மதிப்பெண்தான். அதனால் பொங்கல் முடிந்ததும் ஊரெல்லாம் கணக்கு வகுப்பில் காம்பஸ் சத்தம்தான் கேட்கும்.

ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த முக்கோணம் வரையத் தெரியும். அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60°, நடுக்கோடு (உச்சியையும் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் சேர்க்கும் கோடு) 5.8 செ.மீ. என்று கொடுத்தால் போதும், படிகளை மளமளவென ஒப்பிப்பார்கள். கோடு போடு, கீழே 60 டிகிரி போடு, அதற்குச் செங்குத்து போடு, அடிப்பக்கத்தின் நடுவில் செங்குத்தாக மையக்குத்துக்கோடு போடு, ரெண்டும் வெட்டுற இடத்தில் காம்பஸை ஊன்றி வட்டம் போடு. எல்லாம் சரி. ஆனால், "முக்கோணம் மேல இருக்கு, 60 டிகிரியை எதுக்கு சாமி கீழ போடுறோம்?" என்று கேட்டால் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை மௌனம்தான். நடுக்கோட்டுக்குப் பதில் குத்துக்கோடு (உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு இறங்கும் செங்குத்து) கொடுத்தால் அது அவர்களுக்கு வேறு கணக்கு. கோண இருசமவெட்டி அடிப்பக்கத்தைத் தொடும் புள்ளியைக் கொடுத்தால் அது மூன்றாவது கணக்கு. மூன்றுக்கும் மூன்று பட்டியல் மனப்பாடம். தேர்வறையில் பதற்றத்தில் ஒரு பட்டியலின் நடுவில் இன்னொன்று புகுந்துவிடும்.

உண்மையில் மூன்றும் ஒரே கணக்கு. உச்சிப் புள்ளி எங்கே இருக்கலாம் என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிபந்தனையும் உச்சிக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டும் இடத்தில் உச்சி. அவ்வளவுதான். இதைக் கரும்பலகையில் பல வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். தலையாட்டுவார்கள், நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. பாதை என்றால் அதில் ஒன்று நகர வேண்டும். சாக்பீஸால் வரைந்த புள்ளி நகராது. கணினியில் அதை நகர்த்த முடியும் என்பதால்தான் இந்தப் பாடத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே என்ன செய்தோம், எதை எப்படி அமைத்தோம் என்பதை மற்ற கணக்கு ஆசிரியர்களுக்கு உதவுமென்று எழுதி வைக்கிறேன்.

முதலில் அட்டையும் குண்டூசியும்

கணினிக்கு முன் ஒரு பாடவேளை முழுக்க வகுப்பறையிலேயே நடந்தது. தேவைப்பட்டவை தெர்மாக்கோல் பலகை, இரண்டு குண்டூசி, காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், பென்சில்.

காலண்டர் அட்டையில் 60° மூலை ஒன்று வெட்ட வேண்டும். ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும் மூலைமட்டத்திலேயே 60° மூலை உண்டே என்று தோன்றும். ஆனால் அந்த பிளாஸ்டிக் மூலைகள் மழுங்கி இருக்கும், அதன் நுனியை வைத்துப் புள்ளி குறித்தால் தள்ளிப்போகும். அட்டையில் மூலைமட்டத்தை வைத்துக் கோடிழுத்து, இரண்டு கோடும் சேரும் இடம்வரை நீட்டி, கத்தரித்தால் நுனி கூர்மையாக வரும். பக்கங்கள் ஒவ்வொன்றும் 12 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். எங்கள் வகுப்பில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் மகன் ஒருவன் இருக்கிறான். பேனா பிடித்து எழுதச் சொன்னால் வாடிப்போவான். அன்றைக்கு எல்லாக் குழுவுக்கும் அட்டை வெட்டிக் கொடுத்தவன் அவன்தான், ஒன்றில்கூடப் பிசிறு இல்லை.

தெர்மாக்கோல் மீது வெள்ளைத்தாளை விரித்து, 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசிகளை நிமிர்த்திக் குத்திவிட வேண்டும். இப்போது அட்டை மூலையை இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் கீழிருந்து மேலாக நுழைக்க வேண்டும். அட்டையின் ஒரு விளிம்பு இடது ஊசியைத் தொடணும், மறு விளிம்பு வலது ஊசியைத் தொடணும். இரண்டும் தொட்டபடி இருக்கும்போது நுனி நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு அட்டையை லேசாகச் சரித்து, மறுபடி இரண்டு ஊசியும் தொடுகிற மாதிரி வைத்து, அடுத்த புள்ளி.

பத்துப் புள்ளி சேர்ந்ததுமே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "ஏனுங்க டீச்சர், இது வட்டமாட்டம் போகுதுங்களே?" நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இன்னும் குறி கண்ணு, பார்ப்போம்" என்றேன். ஊசிக்குப் பக்கத்தில் போகப் போக அட்டை ஒரே பக்கமாகச் சாய்ந்து, நுனி கிட்டத்தட்ட ஊசியிலேயே வந்து நிற்கும். அந்த நிலையில் அட்டையின் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பிள்ளைகள் கையால் உணர்ந்துவிடுவது முக்கியம். பின்னால் அந்த விளிம்புக்கு வேலை இருக்கிறது.

ஆய்வகம்

எங்கள் பள்ளி உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மூன்று பேருக்கு ஒரு கணினி வரும். இணையம் இருக்கும், சில நேரம் இருக்காது. அதை நம்பிப் பாடம் திட்டமிட முடியாது. ஆகவே நான் எடுத்துக்கொண்டது ஜியோஜீப்ரா கிளாசிக் 5, வடிவங்களைத் திரையில் வரைந்து, புள்ளிகளை இழுத்து நகர்த்திப் பார்க்க உதவும் மென்பொருள். அதில் நிறுவத் தேவையில்லாத வடிவம் ஒன்று கிடைக்கிறது. வீட்டில் பதிவிறக்கி, பென்டிரைவில் கோப்புறையாகப் போட்டு, ஒவ்வொரு கணினியிலும் நகலெடுத்தால் போதும். கடவுச்சொல்லும் கேட்காது, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். பழைய கணினியிலும் ஓடுகிறது. கணினியை அணைத்து ஏற்றினால் கோப்புகள் அழிந்துவிடும் ஆய்வகங்களும் உண்டு. அங்கே பென்டிரைவிலிருந்தே நேராகத் திறந்துகொள்ளலாம்.

இந்த மென்பொருளை ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் மாணவராக இருந்தபோது 2001-இல் தொடங்கினார், அது அவருடைய முதுகலை ஆய்வு வேலை. இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு மாணவர் தன் படிப்புக்காகச் செய்த ஒன்றை உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் பயன்படுத்துகின்றன என்பது அவர்கள் காதில் விழ வேண்டிய செய்தி.

நம் பாடநூலிலேயே இணையச் செயல்பாடு என்று க்யூஆர் குறியீட்டோடு ஜியோஜீப்ரா பயிற்சிகள் உண்டு. நல்ல முயற்சி. நான் நடத்தி முடித்த பாடத்தைத் திரும்பப் பார்க்க அவற்றைப் பயன்படுத்துவேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வைப்பதற்குத் தயார் கோப்பு ஒத்துவருவதில்லை. வட்டம் ஏற்கனவே வரைந்திருக்கும், கோணம் ஏற்கனவே எழுதியிருக்கும். பிள்ளை ஒன்றை இழுக்கும், ஏதோ ஒன்று அசையும், "சூப்பர்" என்று அடுத்த பக்கம் போய்விடும். ஆகவே வெற்றுத் திரையிலிருந்துதான் தொடங்கினோம்.

இன்னொரு ஏற்பாடு. என் அனுபவத்தில் மென்பொருளைவிட இதுதான் அதிகம் வேலை செய்தது. மவுஸ் பிடித்திருப்பவர் பேசக் கூடாது. பக்கத்தில் இருக்கும் இருவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். மணி அடித்தாற்போல் நான் மேசையைத் தட்டினால் மவுஸ் அடுத்தவர் கைக்குப் போகும். இதனால் என்ன ஆகிறதென்றால், "அதை இங்க இழு, இங்க" என்று திரையைத் தொட்டுக் காட்ட முடியாமல், "உச்சியை இடது முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோ", "அடிப்பக்கத்தோட நடுப்புள்ளியைச் சேர்" என்று வாயால் சொல்லியாக வேண்டும். கணக்குச் சொற்கள் அவர்கள் பேச்சில் புழங்கத் தொடங்குவது அப்போதுதான். கணினியில் கெட்டிக்காரப் பையன் ஒருவனே எல்லாவற்றையும் செய்துவிட மற்ற இருவரும் வேடிக்கை பார்க்கும் தொல்லையும் ஒழிந்தது.

கோணத்தைப் பிடித்தல்

முதல் வேலை 8 அலகு நீளக் கோட்டுத்துண்டு. அதற்கு மேலே எங்கேயாவது ஒரு புள்ளி, அதுதான் உச்சி. உச்சியையும் இரு முனைகளையும் கோட்டுத்துண்டால் சேர்த்து, உச்சிக்கோணத்தை அளக்கச் சொன்னேன். ரவுண்டிங் ஒரு தசம இடத்துக்கு வைத்தாயிற்று. உச்சியை இழுத்தால் எண் ஓடுகிறது: 48.3, 55.1, 61.7. "60 காட்டுற இடத்தைப் பிடிங்க" என்றேன். பிடித்தார்கள். "வேற இடம் இருக்கா?" பிடித்தார்கள். "இன்னும்?" அட்டை வைத்துக் குறித்தது நினைவுக்கு வந்ததும் எல்லாக் குழுவும் வளைவாகவே இழுக்க ஆரம்பித்தன.

இங்கே ஒரு சிறு வேலைப்பாடு தேவை. உச்சிக்கு ட்ரேஸ் போட்டுவிட்டால் அது போன இடமெல்லாம் கோடு விழுந்து திரையே கிறுக்கலாகிவிடும். 60° வரும்போது மட்டும் சுவடு விழ வேண்டும். அதற்கு, உச்சி இருக்கும் அதே இடத்தில் இன்னொரு புள்ளியை அமைக்க வேண்டும். இன்புட் பெட்டியில் புதுப் பெயர் கொடுத்து, சமக்குறி போட்டு, உச்சியின் பெயரை எழுதினால் அந்தப் புள்ளி உச்சியோடு ஒட்டிக்கொண்டே போகும். அதன் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், புள்ளி எப்போது தெரிய வேண்டும் என்ற நிபந்தனைப் பெட்டியில், கோணம் 59.5-க்கும் 60.5-க்கும் இடையில் இருந்தால் என்று எழுத வேண்டும். இந்த இரண்டாம் புள்ளிக்கு மட்டும் ட்ரேஸ். நல்ல சிவப்பு நிறமும் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உச்சியை அடிப்பக்கத்துக்குக் கீழே இழுத்தால் கோணம் 60-க்குப் பதில் 300 என்று காட்டும். கோணத்தின் ப்ராப்பர்ட்டீஸில் 0°-க்கும் 180°-க்கும் இடையில் என்று மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. மவுஸின் சக்கரத்தைத் தொடவே கூடாது. திரை பெரிதாகவோ சிறிதாகவோ ஆனால் விழுந்த சுவடெல்லாம் அழிந்துபோகும். நாமே அழிக்க விரும்பினால் கண்ட்ரோலோடு எஃப் எழுத்து.

உச்சியைத் திரை முழுக்கக் கன்னாபின்னாவென்று இழுக்கச் சொன்னேன். 60° வரும் இடத்தில் மட்டும் சிவப்பு விழுந்து விழுந்து, மேலே ஒரு பெரிய வில், கீழே அதே மாதிரி இன்னொன்று. "எட்டு டீச்சர், எட்டு!" என்று ஒரே கூச்சல். இரண்டு வில்லும் அடிப்பக்கத்தின் முனைகளில் சந்திக்கின்றன, பார்க்க இடுப்பு பெருத்த எட்டு எழுத்துதான். நிபந்தனையில் 60-ஐ 90-க்கு மாற்றச் சொன்னேன், முழு வட்டம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்த அரைவட்டக் கோணம் நினைவிருந்தவர்கள் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். 120-க்கு மாற்றினால் எட்டு ஒடுங்கிக் கண் வடிவமாகிவிடும். இந்த மூன்று வடிவத்தையும் நோட்டில் கையால் படமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், அளவெல்லாம் வேண்டாம் என்று.

கீழே ஏன் 60?

இந்த முழு முயற்சியும் இந்தக் கேள்விக்காகத்தான் என்பதால் இதற்கு நிறைய நேரம் ஒதுக்கினேன்.

சுவடு வட்ட வில் மாதிரி தெரிகிறது. வட்டம்தான் என்றால் மையம் எங்கே? பாடநூல் படிகளை அப்படியே திரையில் செய்யச் சொன்னேன். இடது முனையில் அடிப்பக்கத்துக்குக் கீழே 60°, அந்தக் கோட்டுக்கு அதே முனையில் செங்குத்து, அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, இரண்டும் வெட்டும் இடத்தை மையமாக வைத்து முனைகள் வழியாக வட்டம். சிவப்புச் சுவட்டின் மேல் வட்டம் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. வாயால் ஒப்பித்துக்கொண்டிருந்த படிகள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்ததில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

இப்போது வட்டத்தின் மீது ஒரு புதுப் புள்ளி வைத்து, அதை உச்சியாக்கி, முனைகளோடு சேர்க்கச் சொன்னேன். இந்த முறை கோட்டுத்துண்டு வேண்டாம், இடது முனை வழியாகப் போவதை இரண்டு பக்கமும் நீளும் முழுக் கோடாகப் போடுங்கள் என்றேன். உச்சியை வில்லின் மேல் மெதுவாக இடது முனையை நோக்கி இறக்க வேண்டும். கோணம் 60 என்று அசையாமல் நிற்கிறது. உச்சி இறங்க இறங்க, இடது முனை வழியாகப் போகும் கோட்டின் கீழ்ப்பகுதி, நாம் முன்பு கீழே 60° போட்டு வரைந்த கோட்டை நெருங்குகிறது. உச்சியையும் வலது முனையையும் சேர்க்கும் கோடு அடிப்பக்கத்தின் மேல் படுக்கிறது. உச்சி முனைக்கு ஒட்டி வந்ததும் அந்தக் கீழ்ப்பகுதியும் நாம் போட்ட 60° கோடும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்.

உச்சியில் இருந்த அதே 60°தான் கடைசியில் இடது முனையில் வந்து, அடிப்பக்கத்துக்குக் கீழே நிற்கிறது. அட்டையில் குண்டூசிக்குப் பக்கத்தில் நுனி வந்தபோது விளிம்பு கீழ்நோக்கிப் பார்த்ததே, அதுவும் இதேதான். அந்தக் கோடு வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு போவதால் அது தொடுகோடு. தொடுகோட்டுக்குத் தொடும் புள்ளியில் செங்குத்து வரைந்தால் அது மையம் வழியாகப் போகும். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையிலுள்ள கோணம் எதிர் வட்டத்துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம், இதை மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் என்று தனியாக ஒரு பாடத்தில் படித்தது இங்கே வந்து சேர்ந்துகொள்கிறது.

வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண், மவுஸ் பிடித்திருந்த தன் தோழியிடம், "மறுபடி மேல கொண்டுபோ, மறுபடி இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அப்படின்னா வலது முனையிலயும் கீழ 60 போட்டுச் செங்குத்துப் போடலாம்ங்களா டீச்சர்? மையக்குத்துக்கோடே வேண்டாம்ங்களே?" என்றாள். போடலாம். இரண்டு செங்குத்துகளும் அதே மையத்தில்தான் வெட்டும். படிகளை மனப்பாடம் செய்த பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்காது. அன்று அந்தப் பெண்ணையே கரும்பலகைக்கு அழைத்து வரைந்து காட்டச் சொன்னேன்.

இந்த வரைதல் யூக்ளிட் காலத்தது. அவருடைய எலிமெண்ட்ஸ் மூன்றாம் புத்தகத்தின் 33-ஆம் கூற்று இதையேதான் சொல்கிறது: கொடுத்த கோட்டின் மேல், கொடுத்த கோணம் அமையும் வட்டத்துண்டை வரைவது. ஏறத்தாழ 2300 ஆண்டுகளாக மனிதர்கள் செய்துவரும் வேலையை நாமும் செய்கிறோம் என்று சொன்னபோது வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இரண்டாவது பாதை

அதற்குப்பின் நடுக்கோட்டுக் கணக்கு விறுவிறுவென்று முடிந்தது. நடுக்கோடு 5.8 என்றால் உச்சி அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து எப்போதும் 5.8 தொலைவில் இருக்க வேண்டும். ஆக அதன் இரண்டாவது பாதை, நடுப்புள்ளியை மையமாகக் கொண்ட 5.8 ஆரமுள்ள வில். இரண்டு பாதையும் இரண்டு இடத்தில் வெட்டுகின்றன, இடதில் ஒன்று, வலதில் ஒன்று. எந்த இடத்தை எடுத்தாலும் முக்கோணம் அதேதான், திருப்பிப் போட்டது.

குத்துக்கோட்டுக் கணக்கில் பாடநூல் எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அடிப்பக்கம் 5 செ.மீ., உச்சிக்கோணம் 30°, குத்துக்கோடு 4.2 செ.மீ. குத்துக்கோட்டின் நீளம் தெரிந்தால் உச்சியின் பாதை அடிப்பக்கத்துக்கு இணையாக 4.2 உயரத்தில் போகும் கோடு. இந்த அளவுகளில் வட்டத்தின் ஆரம் சரியாக 5 செ.மீ., மையம் அடிப்பக்கத்திலிருந்து சுமார் 4.33 செ.மீ. உயரத்தில். அதாவது இணைகோடு மையத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கீழே போகிறது. தாளில் பென்சில் கொஞ்சம் மொட்டையாக இருந்தால் கோடு மையம் வழியாகவே போவது மாதிரி தெரியும். பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்ததும் இடைவெளி தெரிந்தது. "4.33 கொடுத்திருந்தா மையம் வழியாப் போயிருக்கும்" என்று ஒருவன் சொன்னான்.

அந்த முக்கோணத்தில் குத்துக்கோட்டின் அடி அடிப்பக்கத்துக்குள் விழாது, முனையைத் தாண்டி கிட்டத்தட்ட 2.5 செ.மீ. வெளியே போய் விழும். தேர்வில் இதைப் பார்த்துப் பயந்து அழித்துவிட்டு மறுபடி வரையும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உச்சியை வில்லின் மேல் நகர்த்தி, குத்துக்கோட்டின் அடி உள்ளேயும் வெளியேயும் போய்வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது.

விசிறி

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது மூன்றாவது வகை. அடிப்பக்கம் 8, உச்சிக்கோணம் 60°, உச்சிக்கோணத்தின் இருசமவெட்டி அடிப்பக்கத்தை இடது முனையிலிருந்து 6 செ.மீ.யில் சந்திக்கிறது. இதற்கான படியில் மையக்குத்துக்கோட்டைக் கீழே நீட்டி வட்டத்தை வெட்டி, அந்தப் புள்ளியையும் 6 செ.மீ. புள்ளியையும் சேர்த்து மேலே நீட்டுவோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதும் இல்லை, நாம் சொன்னதும் குறைவு.

வட்டத்தின் மேல் இருக்கும் உச்சியில் கோண இருசமவெட்டியை வரைந்து, அந்தக் கோட்டுக்கு ட்ரேஸ் போட்டோம். கோட்டின் தடிமனைக் குறைத்து, நிறத்தை வெளிறலாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரை அடைந்துவிடும். இழுப்பதற்கு முன், "இந்தக் கோடுகள் எப்படிப் போகும்னு நினைக்கிறீங்க? நோட்டில் வரைஞ்சு வைங்க" என்றேன். பலர் கோடுகள் மையம் வழியாகப் போகும் என்று வரைந்தார்கள், சிலர் எல்லாம் இணையாக இருக்கும் என்று. யூகத்தை நோட்டில் எழுதாமல் யாரும் மவுஸைத் தொடக் கூடாது என்பதில் நான் கறார். எழுதிய பிறகுதான் திரையில் வருவதை உற்றுப் பார்ப்பார்கள்.

உச்சியை வில்லின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுத்தார்கள். கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, அடிப்பக்கத்துக்குக் கீழே வட்டத்தின் மேலுள்ள ஒரே ஒரு புள்ளியிலிருந்து விசிறி போல விரிந்தன. அறை முழுக்க "ஏய்!" என்ற சத்தம். ஒரு கோடுகூட அந்தப் புள்ளியைத் தவறவில்லை.

காரணத்தை அவர்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்று அடுத்த கேள்வியாகக் கேட்டேன். இருசமவெட்டி 60-ஐ இரண்டு 30-ஆகப் பிரிக்கிறது. சமமான கோணங்கள் சமமான வில்களின் மேல் நிற்கும். ஆகவே அது எதிர்ப்புற வில்லின் நடுவில்தான் போய் முட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. இரண்டு குழுக்கள் இதைத் தாங்களாகவே சொல்லிவிட்டன, மற்றவர்களுக்குக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஒரு குழு, நான் கேட்காத ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. வட்டத்தின் மையம் அடிப்பக்கத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, விசிறிப் புள்ளி கீழே அதே அளவு ஆழத்தில் இருக்கிறது, இரண்டும் 2.3. "எப்பவுமே அப்படித்தான்ங்களா?" கோணத்தை 50-க்கு மாற்றிப் பாருங்கள் என்றேன். ஒத்துவரவில்லை. 70-க்கும் வரவில்லை. 60-க்கு மட்டும் ஏன் என்பதை முக்கோணவியல் பாடம் வரும்போது பார்ப்போம் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். கொசைன் 60° பாதி என்பதுதான் விடை, அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தாளுக்குத் திரும்புதல்

தேர்வு தாளில்தான். உதவிப்படம், காம்பஸ், அளவுகோல், அழிக்காத துணைக்கோடுகள், இதற்கெல்லாம்தான் மதிப்பெண். அதனால் ஆய்வகத்தில் போன ஒவ்வொரு பாடவேளைக்கும் ஈடாக வகுப்பறையில் ஒரு பாடவேளை கையால் வரைதல் வைத்தேன். கரும்பலகையில் வரையும்போது புரொஜெக்டரை நேராகக் கரும்பலகை மேலேயே திருப்பி, ஜன்னலைச் சாத்தி, விழும் மங்கலான படத்தின் மேல் சாக்பீஸால் வரைவது நன்றாக உதவியது. புரொஜெக்டரை அணைத்துவிட்டால் நாம் வரைந்தது மட்டும் நிற்கும். எது கொடுக்கப்பட்டது, எது நாம் கட்டியது என்பது பளிச்சென்று தெரியும்.

உதவிப்படத்தில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னேன். முக்கோணத்தை வரைந்ததும் உச்சிக்கு இரண்டு பாதைகளையும் புள்ளிக்கோடாகக் கையால் போட வேண்டும், வட்ட வில் ஒன்று, அடுத்தது வில்லோ இணைகோடோ விசிறிக் கோடோ. அதைப் போட்டுவிட்டால் எந்தப் பட்டியல் என்ற குழப்பம் வருவதில்லை. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் கைகொடுத்தது. அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய சுமை மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டதே.

கடைசி வேலையாக, ஒவ்வொரு குழுவும் அடிப்பக்கம் 8 வைத்து ஒரு நடுக்கோட்டுக் கணக்கை உருவாக்கி அடுத்த குழுவுக்குக் கொடுக்கச் சொன்னேன். வரையவே முடியாத கணக்கும் கொடுக்கலாம், ஆனால் ஏன் முடியாது என்று கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 60°-க்கு நடுக்கோடு 7 என்று ஒரு குழு கொடுத்தது. வில்லின் உச்சமே 6.93-தான், எட்டாது. 3.5 என்று இன்னொன்று, முனைகளிலேயே நடுக்கோடு 4 ஆகிவிடுவதால் அதற்குக் கீழே போக வழியில்லை. 120°-க்கு மாற்றிப் பார்த்த குழு, இப்போது நடுக்கோடு 4-ஐ விடக் குறைவாகவும் 2.3-ஐ விடக் குறையாமலும் இருந்தால்தான் வரும் என்று எல்லைகளையே எழுதிக் கொடுத்தது. பாடநூலில் கொடுக்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன, வினாத்தாள் தயாரிப்பவர் எதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குப் பேச வாய்த்தது.

பட்டறைக்காரர் மகன் இருந்த குழு கொடுத்த கணக்கு: அடிப்பக்கம் 8, உச்சிக்கோணம் 90°, நடுக்கோடு 4. வாங்கிய குழு கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கியது. "டீச்சர், உச்சியை எங்க வச்சாலும் சரியாத்தான்ங்க வருது, எதை வரையறதுங்க?" இரண்டு பாதையும் ஒரே வட்டமாகிவிட்டால் வெட்டும் புள்ளி எது என்ற கேள்விக்கே இடமில்லை. நடுக்கோட்டை 5 என்று மாற்றினால் ஒரு முக்கோணம்கூட வராது. கணக்கைத் தயாரித்தவர்கள் இரண்டையும் சொல்லி, காரணத்தையும் சொன்னார்கள். இந்தக் கணக்கை அப்படியே கோப்பின் கடைசிப் பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன். அடுத்து தொடுகோடு வரைதலுக்கு இதே முறையில் கோப்பு ஒன்று தயார் செய்துகொண்டிருக்கிறேன், வெளிப்புள்ளியை வட்டத்தை நோக்கி இழுத்து, தொடுபுள்ளிகள் இரண்டும் நெருங்கி வருவதிலிருந்து தொடங்குகிற மாதிரி.